விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்று நான் சொன்னது

என் மனைவி இறந்து ஒன்பதாம் நாள், அதாவது எட்டுச்செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் காலை, அவளுடைய தங்கை என் தேநீர்க் கோப்பையை ஓர் ஓரமாக நகர்த்திவிட்டு, நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"இதைத்தான் அச்சடிக்க வேணும், அத்தான். வேற ஒண்டும் வேண்டாம்."

எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் பாட்டன்மார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயிலும் தபால் துறையிலும் எழுத்தர்களாக மலாயாவுக்கு வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த வழக்கங்களில் பல என் தலைமுறையில் மெலிந்துவிட்டன, இது மெலியவில்லை. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்போம். அதைக் கல்வெட்டு என்று சொல்வது மரபு. முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், அடுத்துச் சில பதிகங்கள், அதற்குப் பிறகு அவருடைய ஊர், பெற்றோர், கல்வி, உத்தியோகம், மறைந்த திதி எல்லாவற்றையும் அடக்கிய நீண்ட செய்யுள். செய்யுள் எழுதிக் கொடுப்பதற்கென்றே கோலாலம்பூரில் ஓய்வுபெற்ற பண்டிதர் ஒருவர் இருந்தார். அவர் எழுதியவற்றில் எத்தனையோ எங்கள் வீட்டு அலமாரியில் சேர்ந்திருந்தன. என் மனைவி ஒருமுறை அவற்றில் ஒன்றைப் படித்துவிட்டு, "பேரை மட்டும் மாத்திப்போட்டா இது ஆருக்கும் பொருந்தும். எல்லாப் பொம்பிளையளும் அன்னமிட்ட கையாத்தான் இருக்கினம்" என்று சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. தங்கையும் அப்போது உடன் இருந்தாள். அதனால்தான் பண்டிதர் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாள்.

நோட்டுப் புத்தகத்தில் பன்னிரண்டு பாடங்கள் இருந்தன. என் மனைவி இருபத்தொரு ஆண்டுகள் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பாடநூலில் அறிவியல் பகுதி மிக மெலிந்தது என்பது அவள் கருத்து. ஆகையால் தானே எழுதிக்கொண்டாள். இடி ஏன் மின்னலுக்குப் பின் வருகிறது. கடல் நீர் ஏன் ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்குகிறது. பழம் ஏன் கனிகிறது. ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் அதை எங்கிருந்து பெற்றாள் என்பதைச் சிறிய எழுத்தில் குறித்திருந்தாள். 'நூலகம், சிவப்பு அட்டைப் புத்தகம்' என்று ஒன்றின் கீழே. 'வானொலி, வெள்ளிக்கிழமை' என்று இன்னொன்றின் கீழே. 'மீன்காரர்' என்று கடல் பற்றிய பாடத்தின் கீழே.

நல்லது, அச்சடிப்போம் என்றேன். அந்த நாட்களில் என்னிடம் எதைச் சொன்னாலும் செய்தேன். மருத்துவமனையில் இரண்டு நாட்கள், மயானத்தில் ஒரு பிற்பகல், அதன் பிறகு வரிசையாக மனிதர்கள். எல்லாவற்றையும் பிழையின்றி நடத்தினேன். எட்டுச்செலவுக்கு முதல் நாள் தபால் நிலையத்துக்குப் போய்க் காரின் சாலை வரியைப் புதுப்பித்தேன். அது மறுவாரம் முடிவதாக இருந்தது. எனக்குள் ஏதோ ஒன்று வந்து சேரும் என்று பிறர் காத்திருந்தார்கள் போலும். நானும் காத்திருந்தேன். அது வரவில்லை. வராதது எனக்கு வியப்பாகக்கூட இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை படித்துப் பார்ப்பது என் வேலையாயிற்று. நான் சிங்கப்பூரில் பௌதிகத்தில் பட்டம் பெற்றவன். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆறாம் படிவ மாணவர்களுக்கு அதையே கற்பித்து, அவள் இறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தேன். முதல் ஆறு பாடங்களில் நான் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. ஏழாவது பாடத்தின் தலைப்பு, 'விண்வெளி வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள்?'

அவளுடைய விடை மூன்று வாக்கியங்கள். 'விண்கலம் பூமியை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு இல்லை. ஆகவே வீரர்களுக்கு எடையும் இல்லை.'

இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம். கை சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டது. அதன் பிறகே பாடத்தின் அடியில் இருந்த குறிப்பைப் பார்த்தேன்.

'அவர் சொன்னது.'

பேனாவை மூடிவைத்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாலை. வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. செய்தியில் ஒரு விண்கலத்தின் உட்புறத்தைக் காட்டினார்கள். மனிதர்கள் தலைகீழாக நின்றார்கள். ஒரு பேனா காற்றில் சுழன்றது. அவள் கூடத்திலிருந்து கேட்டாள்: "அவையள் ஏன் மிதக்கினம்?" நான் இதே மேசையில் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமல், "அங்கே ஈர்ப்பு இல்லை" என்றேன். அவள் சரி என்றாள். அவ்வளவுதான் அந்த உரையாடல்.

இதை நான் மறக்காததற்குக் காரணம் உண்டு. அந்தத் தாள்களில் ஒரு கேள்வி அதேதான். வினாவை அமைத்தவன் நானே. 'சுற்றுப்பாதையில் இருப்பவர் எடையற்றவராக உணர்வது ஏன்?' அங்கே ஈர்ப்பு இல்லை என்று எழுதிய ஒவ்வொரு மாணவனுக்கும் அன்று மாலை நான் சுழியம் போட்டுக்கொண்டிருந்தேன். விண்கலங்கள் சுற்றும் உயரத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அது இல்லாவிட்டால் கலம் பூமியைச் சுற்றவே முடியாது. நேர்கோட்டில் போய்த் தொலைந்துவிடும். இது எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சரியான விடையைச் சொல்லப் பத்து நிமிடம் ஆகும். சொன்னால் அவள் இன்னொரு கேள்வி கேட்பாள். ஆகவே எந்த விடைக்குச் சுழியம் போட்டேனோ அதே விடையை அவளுக்குக் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கி, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, பிறப்பிடத்தையும் கீழே குறித்து வைத்துவிட்டாள்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பக்கம் நாணயம் மாற்றுகிறவரின் கண்ணாடிப் பெட்டி, பின்பக்கம் அச்சு இயந்திரம். உரிமையாளர் தமிழ் முஸ்லிம். கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கோயில் நோட்டீஸ் எல்லாம் அவரிடம்தான். ஈய எழுத்துகளை அவரே கையால் கோத்தார். பிரதியின் முதல் தாளில் இருந்த பாடத் தலைப்புகளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. முப்பது வருசமா கருமாதி புஸ்தகம் அடிக்கிறேன். இப்பதான் மொத தடவையா ராக்கெட் வருது."

"அவள் எழுதியது."

"தெரியும் சார். எங்க அக்கா பேத்தி அவங்ககிட்டதான் படிச்சா. இடி எத்தனை மைலுக்கு அந்தாண்ட விழுந்துச்சுன்னு ஒண்ணு ரெண்டு எண்ணிச் சொல்லும் அந்தப் புள்ள. வீட்ல ஒருத்தரும் நிம்மதியா மழைய பாக்க முடியாது." அவர் பக்கங்களை எண்ணினார். "ஏழாவது பாடம் எங்க?"

"பிறகு தருகிறேன். அதில் ஒரு பிழை இருக்கிறது."

"சீக்கிரம் சார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள மேட்டர் கைக்கு வரணும். அதுக்கப்புறம் திருவிழா நோட்டீஸ் ஏறிடும். மெஷின் ஒண்ணுதான் லா."

எட்டு நாட்கள் இருந்தன. வீட்டுக்கு வந்து ஏழாவது பாடத்தைச் சரியாக எழுதினேன். ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றவாறு, அவளுடைய வாக்கிய அமைப்பைப் பின்பற்றி, ஒரு பக்கத்துக்கு மிகாமல். நன்றாகவே வந்தது. அவள் எழுதியது போலவே இருந்தது. அதை அவளுடைய பெயரில் நுழைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவளுடைய ஒரே அச்சுப் புத்தகம் பிழையற்றதாக இருக்கும். நானும் அதிலிருந்து மறைந்துவிடுவேன்.

சனிக்கிழமை தங்கை சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்தாள். எங்கள் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலம் திறந்த பிறகு அவள் வாரம் இருமுறை வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போனாள். மேசையில் நான் எழுதிய தாளும் நோட்டுப் புத்தகமும் அருகருகே இருந்தன. இரண்டையும் படித்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலே படித்தாள்.

"இது அக்கா எழுதினது இல்லையே."

"திருத்தியிருக்கிறேன்."

"ஆரைக் கேட்டு?"

"பிழையாக இருந்தது."

"இருக்கட்டும். முப்பத்தோராம் நாள் வாறவை பரீட்சை எழுதவா வருகினம்? அக்கான்ர சொல்லைக் கேக்க வருகினம். உங்கட சொல்லை அக்கான்ர வாயில வைக்கிறதெண்டால் பண்டிதரே போதுமே, அத்தான்."

அவள் எதிரே உட்கார்ந்தாள். கோபத்திலும் நியாயமானவள், ஒரு தோட்ட அலுவலகத்தில் நீண்டகாலம் கணக்கராக இருந்தவள்.

"சரி. அக்கா என்ன பிழை எழுதினவ? எனக்குச் சொல்லுங்கோ. எனக்கும் விளங்குதா பாப்பம்."

சொன்னேன். "கொடிமலை உச்சியில் நின்று நகரத்தைப் பார்த்து ஒரு கல்லை எறிகிறாய் என்று வை. மெதுவாக எறிந்தால் மலையடிவாரத்து அயர் ஈத்தாமில் விழும். வேகமாக எறிந்தால் நகரத்தில் விழும். இன்னும் வேகமாக எறிந்தால் கடலைத் தாண்டிப் பட்டர்வர்த்தில்."

"சிம்பாங் அம்பாட்டில என்ர வீட்டு ஓடு இருக்கு. பாத்து எறியுங்கோ."

"எங்கே விழுந்தாலும் கல் விழுகிறது. ஆனால் பூமி உருண்டை. கல் முன்னால் போகப் போக, கீழே தரையும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. காற்றின் தடை இல்லாமல், போதிய வேகத்தில் எறிந்துவிட்டால், கல் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு தரையும் விலகும். கல் விழுந்துகொண்டே இருக்கும். தரையை எட்டாது. விண்கலம் அந்தக் கல்தான். ஈர்ப்பு இருப்பதால்தான் அது விழுகிறது, விழுவதால்தான் சுற்றுகிறது."

"அப்ப ஈர்ப்பு இருந்தா பாரமும் இருக்க வேணுமே?"

"நமக்குப் பாரம் என்று தெரிவது ஈர்ப்பு இல்லை. இப்போது நீ கதிரையில் உட்கார்ந்திருக்கிறாய். பூமி உன்னை இழுக்கிறது. கதிரை உன்னை விழ விடாமல் மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத்தான் உடம்பு பாரம் என்று அறிகிறது. கதிரையும் தரையும் வீடும் உன்னோடு சேர்ந்து ஒரே வேகத்தில் விழுந்தால், எதுவும் எதையும் தள்ளாது. அப்போது பாரம் தெரியாது. விழுவதும் தெரியாது."

அவள் கரண்டியை மேசையில் வைத்தாள். "சொல்லுறியள். வாயால சொன்னா எனக்கு விளங்காது. அக்கா எண்டால் நம்பியிருப்பா. எனக்குக் காட்டுங்கோ."

காட்டுவது எளிது. வகுப்பில் ஆண்டுதோறும் காட்டியதுதான். பால்மாவு டின் ஒன்றை எடுத்து, அடிப்பக்கத்தை ஒட்டி எதிரெதிரே இரண்டு துளைகள் ஆணியால் அடித்தேன். மாடிப் பின்வராந்தாவிலிருந்து அதைக் கீழே போடுவது. அவள் கொல்லையில் நின்று பார்ப்பது. டின்னில் நீர் நிரப்பி வராந்தாக் கம்பிக்கு வெளியே நீட்டினேன். இரண்டு துளைகளிலிருந்தும் நீர் வளைந்து பீறிட்டது.

"பார், இப்போது நீரின் பாரம் நீரை வெளியே தள்ளுகிறது. நான் கையை விட்ட பிறகு துளைகளை மட்டும் பார்."

விட்டேன். டின் சிமெந்துத் தரையில் மோதிய ஓசையில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் முறை அவள் மிக அருகில் நின்றதால் சேலை முழுவதும் நனைந்தது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, மனைவியை இழந்தவன் மாடியிலிருந்து தகர டின்களை எறிவதைக் கண்டு, என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டாள். தங்கை சேலையைப் பிழிந்துகொண்டே, "ஒண்டுமில்லை அன்ரி, சயின்ஸ்" என்று தமிழில் பதில் சொன்னாள். கிழவி அதை ஏற்றுக்கொண்டாள். அங்கேயே நின்று பார்க்கவும் தொடங்கினாள்.

மூன்றாம் முறை டின் நசுங்கியிருந்தது, ஆனாலும் நீர் பிடித்தது. கையை விட்டேன்.

"நிண்டுட்டுது," என்றாள் கீழிருந்து. "அத்தான், தண்ணி நிண்டுட்டுது. ஓட்டை அப்பிடியே கிடக்கு, தண்ணி வரேல்லை."

"நீரும் டின்னும் சேர்ந்து விழுகின்றன. நீர் டின்னைத் தள்ளவில்லை. அதனால் வெளியே வரவில்லை. ஈர்ப்பு எங்கும் போய்விடவில்லை."

அவள் மேலே வந்தாள். துவாலையால் கையைத் துடைத்தாள். என்னிடம் கேட்கப்படப் போகும் கேள்வி எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

"மூண்டு முறை டின்னைப் போட்டா எனக்கே விளங்குது. அக்கா என்னைவிடக் கெட்டிக்காரி. அவ ஏன் பிழையா எழுதினவ?"

"நான்தான் அப்படிச் சொன்னேன்."

பாடத்தின் அடியில் இருந்த குறிப்பைக் காட்டினேன். அந்த மாலையைச் சொன்னேன். தாள்களையும் சுழியங்களையும் விடாமல் சொன்னேன். ஒரு வாக்குமூலத்தைப் போல அல்ல, ஓர் அறிக்கையைப் போலத்தான் என் குரல் இருந்தது என்பது எனக்கே கேட்டது.

"அக்கா கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்கேல்லையோ?"

"இருந்தது."

அவள் சோற்றை மூடி வைத்தாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்று, "ஏழாவதை விட்டிட்டு மற்றதை அடியுங்கோ. அக்கா எழுதினதை நீங்கள் மாத்தவும் வேண்டாம், பிழையை நான் ஊருக்குக் குடுக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுவே சரியான முடிவாகத் தோன்றியிருக்கலாம். பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த நான்கு நாட்கள் நான் செய்தது ஒரே ஒரு கணக்கு. அந்த மாலைக்குப் பிறகு அவள் கற்பித்தது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். ஆண்டுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு முப்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் ஒவ்வொருவரும் வளர்ந்து, அந்த மூன்று வாக்கியங்களை எங்காவது எழுதி, எவனோ ஒருவன் கையால் சுழியம் வாங்கியிருப்பார்கள். சிலர் என்னிடமே வாங்கியிருக்கலாம். பாடத்தை நீக்கிவிட்டால் அந்தக் குழந்தைகளின் பெற்றோர் கையில் சேரும் புத்தகத்தில் திருத்தம் எதுவும் இருக்காது. மாற்றி எழுதினால், தவறு நடந்ததே இல்லை என்று ஆகிவிடும். இரண்டிலும் தப்பிப்பவன் நான் ஒருவன்தான்.

புதன்கிழமை நண்பகலில் தொலைபேசி ஒலித்தது. தங்கைதான்.

"அத்தான், கொப்பியில ஏழாம் பாடத்துக்குப் பின்பக்கம் பாத்தனீங்களோ?"

"இல்லை. அது வெறும் பக்கம்."

"வெறும் பக்கம் இல்லை. பென்சிலால எழுதிக் கிடக்கு, மங்கலா. வெளிச்சத்தில பிடிச்சாத்தான் தெரியுது. வாசிக்கிறன்." அவள் கண்ணாடியை மாட்டிக்கொள்ளும் இடைவெளி கேட்டது. "'அங்கே ஈர்ப்பு இல்லை என்றால் அதற்கும் அப்பால் உள்ள சந்திரனை எது பிடித்து வைத்திருக்கிறது? கேட்க வேண்டும்.'"

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"இருக்கிறீங்களோ?"

"இருக்கிறேன். இன்னொரு முறை வாசி."

வாசித்தாள். அது மிகச் சரியான கேள்வி. என் மாணவர்களில் மிகச் சிலரே அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். 'அவர் சொன்னது' என்பதை அவள் ஏற்றுக்கொண்டு அங்கேயே நின்றுவிடவில்லை. அதன் முதுகில் தட்டிப் பார்த்திருக்கிறாள். ஓசை சரியில்லை என்று கண்டிருக்கிறாள்.

"அத்தான், இதை அடிக்கலாம்," என்றாள் தங்கை. "அக்கான்ர பாடத்தை அப்பிடியே அடியுங்கோ. அதுக்குக் கீழ அக்கான்ர கேள்வி. அதுக்குக் கீழ நீங்கள் பதிலை எழுதுங்கோ. ஆனா உங்கட பதில் எண்டு தெரிய வேணும்."

வியாழக்கிழமை காலை முழுவதும் எழுதினேன். முதல் வாக்கியம் மட்டும் கடினமாக இருந்தது, மற்றவை பௌதிகம். அச்சில் வந்தபடி இங்கே தருகிறேன்.

'மேலே உள்ள விடை ஆசிரியையுடையது அன்று, அவருடைய கணவனாகிய நான் கவனமின்றிச் சொன்னது, தவறானது. சந்திரனைப் பிடித்து வைத்திருப்பது பூமியின் ஈர்ப்புதான். அது அவ்வளவு தூரமும் எட்டுகிறது. தூரம் கூடக் கூடக் குறையுமே தவிர, எங்கும் அற்றுப்போவதில்லை. சந்திரன் பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. பக்கவாட்டில் அது போகும் வேகத்தால் பூமியை எட்டாமல் சுற்றி வருகிறது. விண்கலமும் அப்படியே விழுகிறது. உள்ளே இருப்பவரும் கலத்தோடு சேர்ந்து விழுகிறார். காலடியில் எதுவும் அவரைத் தாங்கவில்லை. ஆகவே தமக்கு எடை இல்லை என்று உணர்கிறார். இந்த விடையை ஆசிரியை கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்.'

கடைசி வாக்கியத்தை இருமுறை கோடிட்டு அடித்தேன். இருமுறையும் திரும்ப எழுதினேன்.

அச்சகக்காரர் ஈய எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டே படித்தார். அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு வாசிப்பதும் கோப்பதும் ஒரே வேலை. பாதியில் கை நின்றது.

"அப்ப சார், அந்த ஆளுங்க மேல மிதக்கல. விழுந்துகிட்டேதான் இருக்காங்க?"

"ஆமாம்."

"எத்தனை நாளைக்கு?"

"மேலே இருக்கும்வரைக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில்."

"அவங்களுக்கு வயித்தக் கலக்காதா? நான் கொடிமலை ரயில்ல எறங்கும்போதே கண்ணத் தொறக்க மாட்டேன்."

"முதலில் சில நாட்கள் குமட்டல் இருக்கும் என்கிறார்கள். பிறகு பழகிவிடும். சாப்பிடுவார்கள், தூங்குவார்கள், வேலையைச் செய்வார்கள்."

"எறங்கினப்புறம்?"

"இறங்கிய பிறகுதான் சிரமம். நிற்க முடியாது. சொந்த உடம்பே பாரமாக இருக்கும்."

அவர் ஓர் எழுத்தை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, எழுத்துக் கோக்கும் கட்டையில் வைத்தார். "இதையும் சேத்துக்கலாம்ல சார்? நல்லா இருக்கு."

வேண்டாம், அவள் அதைக் கேட்கவில்லை என்றேன்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் எண்பது பேர் வரை இருந்தார்கள். சடங்கு முறைப்படி முடிந்தது. உணவுக்குப் பிறகு நான் வாசலில் ஒரு சிறிய மேசை போட்டு உட்கார்ந்து, விடைபெறுகிறவர்களிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். சிலர் அங்கேயே புரட்டினார்கள். என் பழைய சக ஆசிரியர் ஒருவர் ஏழாம் பாடத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தோளைத் தொட்டுவிட்டுப் போனார். தங்கை எல்லோரிடமும், "அக்கான்ர கேள்வியைப் பாருங்கோ, அதைப் பாருங்கோ" என்று பக்கத்தைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிர்பார்த்திருந்த அவமானம் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு ஏதாவது வந்ததா என்று சோதித்துப் பார்த்தேன். இல்லை.

கூட்டம் குறைந்த பிறகு அவளோடு பள்ளியில் வேலை செய்த ஆசிரியை ஒருவர் வந்தார். பக்கத்து வகுப்பில் கற்பித்தவர், நாற்பது வயதிருக்கும். கையில் புத்தகம் விரித்தபடியே இருந்தது.

"சார், ஏழாம் பாடம் படிச்சேன்."

"அதை அந்தக் குழந்தைகளுக்கு எப்படியாவது சேர்ப்பிக்க வேண்டும்," என்றேன். "பத்து ஆண்டுகளாகத் தவறாகக் கற்றிருக்கிறார்கள்."

அவர் விழித்தார். "யாரு சார் கத்துக்கிட்டா? டீச்சர் இந்தப் பாடத்தை எடுத்ததே இல்லையே. நான் இந்த ஸ்கூலுக்கு வந்து பத்து வருசத்துக்கு மேலாச்சு. ஒரு தடவைகூட எடுக்கல. இது வந்தா தாண்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவாங்க."

"ஏன்?"

"இதுல எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அவர்கிட்ட கேட்டுட்டு எடுக்கிறேன்னு சொல்வாங்க. நாங்க ஸ்டாஃப் ரூம்ல கிண்டல் பண்ணுவோம், சார். வீட்ல பிசிக்ஸ் மாஸ்டரை வச்சுக்கிட்டு என்ன டீச்சர் சந்தேகம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி கேட்டுட வேண்டியதுதானேன்னு."

"அதற்கு என்ன சொல்வாள்?"

அது ஒரு நல்ல நினைவு என்ற எண்ணத்தில்தான் சொன்னார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "'அவர் பேப்பர் திருத்திக்கிட்டிருக்காரு'ன்னு சொல்வாங்க. பரீட்சை டைம்ல கேட்டாலும் அதேதான், ஸ்கூல் லீவு முடிஞ்சு வந்து கேட்டாலும் அதேதான். போன வருசம் நீங்க ரிட்டையர் ஆனப்புறமும் கேட்டோம். 'இன்னும் திருத்திக்கிட்டிருக்காரு'ன்னாங்க. அப்படிச் சிரிச்சோம் சார் அன்னிக்கு."

குழந்தைகள் பற்றிய என் கணக்கு முழுவதும் தவறு. ஒரு குழந்தைகூட அந்த விடையைக் கற்கவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு ஓராண்டு முழுவதும் நாங்கள் இந்த வீட்டில் மூன்று வேளையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். மேசையில் ஒரு தாளும் இருந்ததில்லை.

"இனிமே இதை எடுக்கலாம்ல, சார்?" என்று கேட்டார் ஆசிரியை. "பதில்தான் வந்துடுச்சே."

எடுக்கலாம் என்றேன். வகுப்புக்கு என்று நாற்பது பிரதிகளை எண்ணி, சணல் கயிற்றால் கட்டிக் கொடுத்தேன். டின் சோதனையையும் சொல்லிக்கொடுத்தேன். துளைகள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதையும். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி, பிள்ளைகள் வேறு ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

எழுதி அனுப்பச் சொன்னேன். தொலைபேசியிலும் கேட்கலாம், எந்த நேரமானாலும் சரி, நான் வீட்டில்தான் இருப்பேன் என்றேன்.